நிலவுப் பங்கின் மூன்றாவது விகார்

சுவிஸில் பேர்ணை ஒட்டிய ஓஸ்டர்முண்டிகன் தமிழர்கள் அருட்செல்வனை "சுவாமிக்குப் படிச்சவர்" என்றுதான் சொல்வார்கள். படித்தவர், ஆனால் ஆகாதவர். யாழ்ப்பாணத்துக் குருமடத்தில் மூன்று வருடம் இருந்துவிட்டு இருபத்திரண்டு வயதில் வெளியேறியவர். ஏன் என்று கேட்டால், "சண்டைக்காலம்" என்பார். அதற்கு மேல் ஒருவரும் கேட்டதில்லை.

தொண்ணூற்றெட்டில் சுவிஸுக்கு வந்து தஞ்சம் கேட்டார். பேர்ணில் ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை கிடைத்தது. அங்கேயே இருபத்தைந்து வருடம். சத்திரசிகிச்சை முடிந்த அறைகளைக் கழுவுகிற ஆறு பேருக்கு இப்போது அவர் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில் வாசகம் வாசிப்பதும் அவர்தான். கனமான குரல். மற்றவர்களின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசும்போது அந்தக் குரல் இன்னும் கனக்கும். விவாகரத்து எடுத்த ஒரு பெண் பாடகர் வரிசையில் நிற்கக்கூடாது என்று அவர் ஒருமுறை சொன்னார். அந்தப் பெண் அதற்குப் பிறகு பூசைக்கே வரவில்லை. அதை அவர் தன் வெற்றியாகவே நினைத்தார்.

ஒரே மகள் ரிஷானி. ஒலிப்பதிவு படித்தாள். இருபத்தொரு வயதில் பாடன் நகரத்தைச் சேர்ந்த ஆருஷ் என்ற பெடியனோடு ஒரே வீட்டில் இருக்கப் போனாள். சைவக் குடும்பத்துப் பெடியன், படம் எடுக்கப் படித்தவன். முறையாகச் சொல்லிப் போகலாம் என்று இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். ஆருஷை அவர் உட்காரச் சொல்லவில்லை.

"இந்த வீட்டில பாவத்துக்கு இடமில்லை" என்றார் மகளிடம். "நீ போறதெண்டால் போ. திரும்பி வரவேண்டாம்."

மூன்று வருடம் அவர் அவளோடு கதைக்கவில்லை. மனைவி ஜெயமலர் மட்டும் வேலை முடிந்து வரும் வழியில் பேர்ண் ரயில் நிலையத்தில் மகளைப் பார்த்துக் கோப்பி குடித்துவிட்டு வருவாள். வீட்டில் சொல்லமாட்டாள். அவருக்குத் தெரியும், கேட்கமாட்டார்.

பிறகு ஒருநாள் ரிஷானியே தொலைபேசியில் அழைத்தாள்.

"அப்பா, நாங்கள் ஒரு தொடர் எடுக்கிறம். அதுக்கு உங்கட முகமும் குரலும் வேணுமாம். ஆருஷ் கேட்டவர்."

"என்ன வேஷம்?"

"விகார். பங்குச் சுவாமி மாதிரி."

அவர் யோசிக்கக்கூட இல்லை. "வாறன்" என்றார். வைத்துவிட்டு ஜெயமலரிடம், "பிள்ளை கூப்பிட்டவள்" என்று சொல்லும்போது அவர் முகம் கோணியது. ஜெயமலர் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

'நிலவுப் பங்கு' என்பது தொடரின் பெயர், நிலவில் இருக்கிற ஒரு கோயில் பங்கின் கதை. தமிழில் எடுத்து, கீழே ஜெர்மன் எழுத்துப் போட்டு இணையத்தில் விட்டார்கள். நிலவின் தரைக்கு அடியில் நானூறு பேர் இருக்கிறார்கள். பனிக்கட்டி வெட்டுகிற கூலிகள். திருச்சபை பூமியிலிருந்து பத்து வருடத்துக்கு ஒரு விகார் அனுப்பி வைக்கும். முதல் விகார் பூமிக்குக் கேட்கும்படி சத்தமாகச் செபம் செய்து செய்து புத்தி பேதலித்து, மூச்சுக்கவசம் இல்லாமல் வெளியே நடந்து போனார். இரண்டாவது விகார் ஒரு இயந்திரம். சனங்கள் பாவசங்கீர்த்தனத்தில் சொன்ன இரகசியங்களை எல்லாம் சேமித்து வைத்து முதலாளிமாருக்குக் கொடுத்தது. சனங்கள் அதைக் கழற்றி, துண்டுகளைச் சட்டி பானைக்குப் பயன்படுத்தினார்கள். மூன்றாவது விகார் மறுபடியும் மனிதர், நல்லவர், உள்ளே இருக்கிற காற்றை அடைத்து வைக்கிற காற்றுக் கதவின் திறப்புச் சாவி அவர் கையில். அதுதான் அருட்செல்வனின் வேஷம்.

"ஏன் தம்பி எல்லா விகாரும் சாகினம்?" என்று முதல் நாளே ஆருஷைக் கேட்டார்.

"நான் சூரிச்சில படிச்ச பள்ளிக்கூடத்தில ரீச்சர் வராத நாளுக்குப் பதிலுக்கு வாற ஆளையும் விகார் எண்டுதான் சொல்லுறது, அங்கிள். அவையளை நாங்கள் அழப் பண்ணித்தான் அனுப்புவம். ஆரோ செய்யவேண்டியதுக்கு இன்னொராள் வந்து அடி வாங்கிறது. அதுதான் கதை."

அருட்செல்வன் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

படப்பிடிப்பு பாடனில், ஒரு பழைய அடுக்குமாடிக்குக் கீழே இருந்த பாதுகாப்புப் பதுங்குகுழியில் நடந்தது. இங்கே பல கட்டடங்களுக்கு அடியிலும் அப்படி ஒன்று இருக்கும். வராத யுத்தத்துக்காகக் கட்டியவை. ஒரு சாண் தடிப்பில் கொங்கிறீற் கதவு, இரண்டு பெரிய இரும்புப் பிடிகள். சனங்கள் அதற்குள் சைக்கிளும் வைன் போத்தலும் வைப்பார்கள். ஆருஷ் சுவரில் வெள்ளி நிறக் குழாய்களை ஒட்டி அதை நிலவாக்கியிருந்தான்.

அருட்செல்வன் சனிக்கிழமைகளில் ரயில் ஏறி வந்தார். செபங்களில் பிழை இருந்தால் திருத்தினார். விகாரின் அங்கியை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுருக்கம் போக அழுத்தி வந்தார். ரிஷானி காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு மூலையில் இருப்பாள். மதியம் அவருக்குச் சாண்ட்விச் கொடுப்பாள். இரண்டு பேரும் பெரிதாகக் கதைப்பதில்லை. அவருக்கு அது போதுமாயிருந்தது.

ஐந்தாவது சனிக்கிழமை, விகார் காற்றுக் கதவை மூடுகிற காட்சி. வெளியே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்ற மூடவேண்டும். ஆருஷ் கையைக் காட்டினான். அருட்செல்வன் இரும்புப் பிடியைப் பிடித்தார். கதவு நகர்ந்தது. பாதியில் கையை விட்டுவிட்டார். மறுபடியும் எடுத்தார்கள். மறுபடியும் விட்டுவிட்டார். நாலாவது தடவை பிடியைத் தொடவே இல்லை.

"பத்து நிமிஷம் ஓய்வு" என்றான் ஆருஷ்.

அவர் பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். வெறும் அறை, ஒரு வாளி, ஒரு மடக்குக் கட்டில். முழங்காலில் இருந்தார். அங்கிக்குள் கழுத்துக்குக் கீழே ஒலிவாங்கி பொருத்தியிருந்ததை மறந்துபோனார். மறக்கவில்லை, வேண்டுமென்றே சொன்னார் என்று பின்னால் சிலர் கதைத்தார்கள். அவர் மறந்துதான் போனார். முப்பது வருடமாக எந்தக் குருவிடமும் சொல்லாததை அன்றைக்கு வாய்விட்டுச் சொன்னார்.

"சுவாமி, நான் பாவி. தொண்ணூற்றைஞ்சாம் ஆண்டு கோயில் கதவை நான்தான் பூட்டினனான். எங்கட பங்குச் சுவாமி மரியநாயகம் கிழடுகளைக் கூட்டிவரச் சைக்கிளில போயிட்டார். திறப்பு என்னட்ட. ஷெல் விழுது. உள்ளுக்குச் சனம் மூச்சு விட இடமில்லை. நான் பூட்டிப்போட்டு நிண்டனான். தையல் ரீச்சர் வந்து தட்டினவ. 'தம்பி, நீயோ உள்ளுக்க? என்னை விடு, பிள்ளையை மட்டும் எடு' எண்டவ. எனக்கு அவவின்ர குரல் தெரியும். எனக்கு அவ சேட்டு தைச்சுத் தந்தவ. நான் திறக்கேல்லை. திறந்தா மற்றச் சனமும் தள்ளிக்கொண்டு வரும் எண்டு எனக்கு நானே சொன்னனான். அது பொய். வெளியில ஆக்கள் இல்லை. அவ மட்டும்தான். எனக்குப் பயம், அவ்வளவுதான்."

பிறகு சொன்னார்:

"மரியநாயகம் சுவாமி திரும்பி வந்து, வாசலில ரீச்சரும் பிள்ளையும் செத்துக் கிடக்கிறதைப் பார்த்தார். ஆர் பூட்டினது எண்டு சனம் கேக்க, 'என்ர கோயில், என்ர கதவு' எண்டு சொன்னார். என்னைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னவர். நான் வாய் திறக்கேல்லை."

மூலையில் இருந்த ரிஷானி அதை ஒரு சொல் விடாமல் கேட்டாள். பதிவுப் பொத்தானை அவள் நிறுத்தவில்லை.

ஐந்தாம் பகுதி வெளிவந்தபோது அந்தக் குரல் அதில் இருந்தது. விகார் இருட்டில் முழங்காலில் இருக்கிற படத்துக்கு மேல் அதைப் போட்டிருந்தார்கள். ஆண்டையும் ஷெல்லையும் சுவாமியின் பெயரையும் வெட்டியிருந்தார்கள். தையல் ரீச்சரை வெட்ட முடியவில்லை, அந்த இடத்தில் குரல் உடைந்திருந்தது, அது நல்லாயிருந்தது என்றான் ஆருஷ்.

அருட்செல்வன் அதை மருத்துவமனையின் உடுப்பு மாற்றும் அறையில் வைத்துக் கைத்தொலைபேசியில் பார்த்தார். பார்த்துவிட்டு வேலைக்குப் போனார். அன்று மூன்று அறை கழுவினார். மூன்றாவது அறையில் கழுவிய இடத்தையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார் என்று கூட வேலை செய்த போர்த்துக்கல்காரி சொன்னாள்.

அதுவரை தொடரைச் சில நூறு பேர்தான் பார்த்தார்கள். ஐந்தாம் பகுதி இலட்சத்தைத் தாண்டியது. பார்த்தவர்கள் அழவில்லை, சிரித்தார்கள். நிலவில தையல் ரீச்சருக்கு என்ன வேலை என்று ஒருவன் எழுதினான். அதற்குப் பிறகு அதுவே பகிடியாகிவிட்டது. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பெடியள் அந்தக் குரலுக்கு வாயசைத்துக் காணொளி போட்டார்கள். மூச்சுக்கவசம் போட்டுக்கொண்டு தையல் இயந்திரம் மிதிக்கிற ஒரு பெண்ணின் படத்தை ரீ-சேட்டுகளில் அச்சடித்து ஆருஷே விற்றான். மூன்றாவது விகார் எப்படிச் சாகவேண்டும் என்று பார்வையாளர்களிடம் வாக்கெடுப்பும் நடத்தினான். நூற்றுக்கு எழுபது பேர், கதவுக்கு வெளியே விடுங்கள் என்றார்கள்.

அருட்செல்வன் பாடனுக்குப் போனார். ரிஷானி தனியாக வீட்டில் இருந்தாள்.

"நீதானே அண்டைக்குக் காதில கேட்டுக்கொண்டிருந்தது?"

"ஓம்."

"அது நடிப்பில்லை எண்டு தெரியுமோ உனக்கு?"

"தெரியும்."

"பிறகு ஏன் பிள்ளை அதை அவனுக்குக் குடுத்தனி?"

ரிஷானி கணினியை மூடி வைத்தாள்.

"மூண்டு வருஷம் எனக்கு ஒரே நினைப்பு, நான் ஏதோ பெரிய அழுக்கு எண்டு. நீங்கள் சொன்ன வசனம் காதுக்குள்ளேயே நிக்கும். அண்டைக்கு அதே குரல்தான் கதவைப் பூட்டினதையும் சொல்லிச்சு. எனக்குச் சிரிப்பு வந்தது அப்பா. உண்மையா. இவரோ என்னை வெளியில விட்டவர் எண்டு."

"நீ என்னட்டக் கேட்டிருக்கலாம்."

"நீங்கள் என்னட்டக் கேட்டனீங்களோ?"

உள்ளே வந்த ஆருஷ், மேசையில் இருந்த கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினான். "எல்லாப் பதிவும் பாவிக்கலாம் எண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறியள் அங்கிள். கடைசிக் காட்சி இன்னும் எடுக்கேல்லை. இருபத்தோராம் திகதி."

அவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ரயிலுக்கு நடந்தார்.

அதற்கு அடுத்த வாரம் நொஷாட்டல் நகரத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அறுபது வயது இருக்கும். மழைச்சட்டை, கையில் ஒரு துணிப்பை. அழைப்புமணி கேட்டு ஜெயமலர்தான் திறந்தாள். வந்தவள் அவளைத் தாண்டி உள்ளே பார்த்தாள்.

"நீர்தானே அருட்செல்வன்? தொடரின்ர கடைசியில உம்மட பெயர் போட்டிருக்கு."

"ஓம்."

"நான் ஞானேஸ்வரி. தையல் ரீச்சர் யோகேஸ்வரியின்ர தமக்கை."

அவர் எழுந்து நின்றார். ஜெயமலருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் தேத்தண்ணி போடத் திரும்பினாள். "வேண்டாம். நீரும் இரும். கேளும்" என்றாள் ஞானேஸ்வரி.

"என்ர மகன் கைத்தொலைபேசியில போட்டுச் சிரிச்சுக்கொண்டிருந்தவன். பிள்ளையை மட்டும் எடு எண்டு கேட்டுது. நான் பாத்திரம் கழுவிக்கொண்டு நிண்டனான். திரும்பப் போடு எண்டன். ஆறு தரம் போட்டுக் கேட்டனான்." அவள் குரல் உயரவில்லை. "அவ எத்தினை தரம் தட்டினவ?"

"அக்கா..."

"எத்தினை தரம் எண்டு கேட்டனான்."

"தெரியாது. கனநேரம்."

"கனநேரம். எங்களுக்குச் சொன்னவை, ஒரு ஷெல்லில உடன முடிஞ்சது எண்டு. முப்பது வருஷம் அந்தச் சொல்லை வைச்சுத்தான் நான் நித்திரை கொண்டனான். இப்ப அதுவும் இல்லை."

ஜெயமலர் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கணவனின் முகத்தைப் பார்த்தாள், பிறகு பார்க்கவில்லை.

"நான் உம்மை ஏச வரேல்லை" என்றாள் ஞானேஸ்வரி. "தங்கச்சியின்ர செத்தவீட்டண்டு நான் மரியநாயகம் சுவாமிக்கு மேல மண் அள்ளி எறிஞ்சனான். வாய்க்குள்ள போச்சு அவருக்கு. துப்பக்கூட இல்லை, நிண்டார். ஊரெல்லாம் கையெழுத்து வாங்கி ஆயருக்கு மனு எழுதினதும் நான்தான். அந்த மனுசனைப் பங்கிலயிருந்து எடுத்தாச்சு. பிறகு ஒரு இடத்திலயும் பூசை வைக்க விடேல்லை. கிழட்டுச் சுவாமிமார் இருக்கிற மடத்தில செத்தவராம். நீர் சுவிஸில இருந்தீர்."

"ஓம்."

"தாளும் பேனையும் எடும். ஆயருக்கு எழுதவேணும்."

அவர் எடுத்தார். அவள் வசனம் சொல்லிக் கொடுக்கவில்லை. "நீரே எழுதும், நான் வாசிக்கிறன்" என்றாள். அரை மணித்தியாலம் எழுதினார். அவள் கண்ணாடியைப் போட்டு வாசித்தாள். ஒரு இடத்தில் விரலை வைத்தாள்.

"கதவு பூட்டப்பட்டிருந்தது எண்டு எழுதியிருக்கிறீர். ஆர் பூட்டினது?"

அவர் வெட்டிவிட்டு, 'கதவை நான் பூட்டினேன்' என்று எழுதினார்.

"அவர்கள் உயிரிழக்க நேரிட்டது எண்டு இருக்கு."

'நான் திறக்காததால் செத்தார்கள்' என்று எழுதினார். பேனை தாளைக் கிழித்தது. வேறு தாளில் முழுவதையும் மறுபடி எழுதச் செய்தாள். கடிதத்தை அவளே உறையில் போட்டு, துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

ஜெயமலர் அன்றிரவு மகளின் பழைய அறையில் படுத்தாள். அடுத்த நாளும் அங்கேதான் படுத்தாள். அவரோடு சண்டை பிடிக்கவில்லை. சோறு போட்டாள், உடுப்பு மடித்தாள். ஒருமுறை மட்டும் கேட்டாள்:

"விவாகரத்து எடுத்த அந்தப் பாட்டுப் பிள்ளையை நீங்கள்தானே பூசையிலயிருந்து கலைச்சனீங்கள்?"

அவர் ஞாயிறு வாசிக்கவேண்டிய வாசகத்தை எடுத்துப் பிரித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசகம் முடிந்ததும் அவர் அங்கேயே நின்றார். ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, தொடரில் வந்தது தன் கதை, தான் செய்தது என்று சொன்னார். முன்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். அதைக் கேட்டுப் பின்னால் இருந்தவர்களும் தட்டினார்கள். பூசை முடிந்து வெளியே வர வரதராசா என்ற பெரியவர் தோளில் தட்டி, "அங்கேயும் அப்பிடியே நடிக்கிறாய், இஞ்சையும் அப்பிடியே நடிக்கிறாய். நல்ல கலைஞனடா நீ" என்றார். அருட்செல்வன் இல்லை என்று சொல்லிப் பார்த்தார். பெரியவர் சிரித்தார். இரண்டு பெடியள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

இருபத்தோராம் திகதி பாடனுக்குப் போகவேண்டாம் என்று ஜெயமலர் தடுத்தாள். "கையெழுத்துப் போட்டுக் குடுத்தாச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடைசிக் காட்சி எளிமையானது. சனங்கள் விகாரைப் பிடித்து வெளியே விட்டுக் கதவை மூடுகிறார்கள். அவர் தட்டுகிறார். ஒருவரும் திறக்கவில்லை. ஒரு கமரா வெளியே, ஒன்று உள்ளே. ரிஷானி உள்ளே இருந்தாள்.

கதவு மூடியது. அருட்செல்வன் வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தட்டவில்லை.

"தட்டுங்கோ அங்கிள்" என்றான் ஆருஷ், கதவைத் திறந்து. "சும்மா நிண்டால் சனத்துக்கு விளங்காது."

மறுபடி மூடினார்கள். அவர் இரண்டு தரம் தட்டினார். போதாது என்றான் ஆருஷ். இன்னும் பலமாக. கூப்பிடவும் வேணும். எதையாவது சொல்லிக் கூப்பிடுங்கோ. அவருடைய விரல் முட்டிகள் கொங்கிறீற்றில் உரசித் தோல் கிழிந்தது. அந்த இரத்தம் நல்லாயிருக்கு, துடைக்கவேண்டாம் என்றான் ஆருஷ். ஏழாவது தடவை அவர் கூப்பிட்டார். விகாரின் வசனத்தைச் சொல்லவில்லை. "ரிஷானி" என்று கூப்பிட்டார். "பிள்ளை, ரிஷானி" என்று.

அவள் காதிலிருந்த கருவியைக் கழற்றிக் கட்டிலில் வைத்தாள். பின்பக்க அவசர வழியால் மேலே ஏறித் தெருவுக்கு வந்து, பேருந்துத் தரிப்பில் உட்கார்ந்துவிட்டாள். ஆருஷ் தானே ஒலிக்கருவியை எடுத்து மாட்டி, இன்னும் நாலு தடவை எடுத்தான். பெயரை மட்டும் வெட்டிவிட்டு ஏழாவதையே தொடரில் போட்டான்.

ஒரு படவிழாவில் அந்தப் பகுதிக்குப் பரிசு கிடைத்தது. அதற்குள் ரிஷானி ஆருஷை விட்டுப் பிரிந்து பேர்ணில் ஒரு சிறு அறை எடுத்திருந்தாள். வீட்டுக்கு வரவில்லை. தாயோடு முன்புபோலவே ரயில் நிலையத்தில் கோப்பி குடித்தாள். தகப்பனைப் பற்றி இருவரும் கதைப்பதில்லை என்று ஜெயமலர் சொன்னாள். நாலாவது விகார் ஒரு பெண் என்று ஆருஷ் அறிவித்திருந்தான். எப்படிச் சாகப்போகிறாள் என்று சனங்கள் எழுதத் தொடங்கியிருந்தார்கள்.

கடிதத்துக்கு ஆயர் இல்லத்திலிருந்து பதில் வர ஐந்து மாதம் ஆயிற்று. அருட்செல்வன் அதைப் பிரிக்காமலே ஞானேஸ்வரிக்குச் சொன்னார். அவள் வேறு வேலையாகப் பேர்ணுக்கு வந்தபோது ரயில் மேடையில் சந்தித்தார்கள். அவள்தான் பிரித்தாள். நாலு வரி இருந்தது. மேற்படி குரு இரண்டாயிரத்து மூன்றில் இறைவனடி சேர்ந்துவிட்டார், அவருக்கு நெருங்கிய உறவினர் எவரும் இல்லை, அக்காலத்துக் கோப்புகள் இடப்பெயர்வில் தவறிவிட்டன, தங்கள் மன அமைதிக்காகச் செபிக்கிறோம்.

"அவ்வளவுதானோ" என்றாள் ஞானேஸ்வரி.

"அவ்வளவுதான் அக்கா."

"உம்மட மன அமைதிக்கு." அவள் கடிதத்தை நாலாக மடித்தாள். நொஷாட்டல் ரயில் வந்து நின்று கதவுகள் திறந்தன. "அடுத்த வருஷமும் எழுதும். அதுக்கடுத்த வருஷமும் எழுதும். வாசிக்கிறவன் மாறி மாறி வருவான்தானே. எனக்கு ஒவ்வொண்டும் காட்டவேணும்."

"சரி."

"மன்னிச்சுப்போட்டன் எண்டு நினையாதேயும்."

"நினைக்கேல்லை."

அவள் ஏறிப் போனாள். அவருக்கு இரண்டு மணிக்கு வேலை. மருத்துவமனைப் பக்கம் நடந்து போனார்.